ஊறல் நெல்லின் மணத்தைச் செக்கனுக்குச் செக்கன் அளப்பது எப்படி? புரோத்தன் கைமாற்றத் திணிவு நிறமாலைமானிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறையில் நெல் ஆலை இருக்கும் ஒழுங்கையால் ஒருதரம் போனவருக்கு அந்த மணத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புழுங்கல் அரிசிக்காக நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறை. முதல் நாள் ஈர வைக்கோல் மணம். இரண்டாம் நாள் கள்ளு முட்டி பக்கத்தில் இருப்பது போல ஒரு புளிப்பு. தண்ணீரை மாற்ற மறந்தால் மூன்றாம் நாள் லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நிற்கலாம்.

அப்படியொரு ஆலையில் நண்பர்கள் இருவரோடு மூன்று நாள் நின்றேன். கருவி எதுவும் கொண்டுபோகவில்லை, மூக்கும் கொப்பியும்தான். தொட்டிகளுக்குப் பொறுப்பான மூத்த காக்கா ஒருவர், மூடியைத் தூக்கிப் பார்க்காமலே, "இத இண்டைக்கே அள்ளணும், அது நாளைக்குக் காணும்" என்று சொல்லிக்கொண்டு போனார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மணக்குது தானே தம்பி" என்றார்.

அந்த மணத்துக்குள் எந்தச் சேர்வை, எத்தனையாம் மணித்தியாலத்தில், எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய கருவி ஒன்று இருக்கிறது. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கும் ஒருவருக்கு நாளைக்கு அப்படியொரு கருவியோடு வேலை செய்யும் வாய்ப்பு வந்தால், முதல் மாதத்தை வீணாக்காமல் இருக்க இந்த வழிகாட்டி உதவும். உயர்தர இரசாயனவியல் தெரிந்தால் போதும்.

நான் இதை ஓட்டிப் பழகியது குளிர்நாட்டு ஆய்வுகூடம் ஒன்றில். அங்கே கற்ற செய்முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வைத்தால் சரிவராது. காரணம் தண்ணீர். 30 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 80 வீதம் என்ற நம்முடைய சாதாரண நாளில், காற்றில் ஏறக்குறைய 3.3 வீதம் நீராவி. அதாவது 3 கோடி 30 இலட்சம் பிபிபி (ஒரு பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு). அதற்குள் நாம் தேடுவது 1 பிபிபி பென்சீனை. பனிக்காலத்தில் 0 பாகையில் அதே 80 வீத ஈரப்பதன் என்றால் நீராவி அரை வீதம்கூடத் தேறாது. ஏழு மடங்கு வித்தியாசம். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கருவி செய்யும் வேலை

வழமையான வாயு நிறப்பகுப்புக் கருவி, மாதிரியை நீண்ட குழாயில் பிரித்து, பிறகு 70 இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள இலத்திரன்களால் அடித்து உடைத்து, உடைந்த துண்டுகளைப் பார்த்து ஆளை அடையாளம் காணும். மிக நல்ல முறைதான். ஆனால் ஒரு மாதிரிக்கு அரை மணித்தியாலம் அளவில் போய்விடும். மூடியைத் திறந்த கணத்தில் என்ன வந்தது என்பதை அது சொல்லாது.

1990களில் ஒஸ்ரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் வேர்னர் லின்டிங்கரும் அவருடைய குழுவும் வளர்த்தெடுத்த முறை இதற்கு எதிர்மாறு. பிரிப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை. நீராவிக்குள் மின்னிறக்கம் செய்து ஐதரோனியம் அயன்களை உண்டாக்குவார்கள். அந்த அயனிடம் கொடுப்பதற்கு ஒரு புரோத்தன் இருக்கிறது. நீரின் புரோத்தன் நாட்டம் மூலுக்கு 691 கிலோயூல். அதைவிடக் கூடிய நாட்டமுள்ள மூலக்கூறு எதிரே வந்து மோதினால் புரோத்தன் கைமாறும். எதனோல் 776, அசற்றோன் 812, பென்சீன் 750, அமோனியா 854. இவையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நைதரசன் 494, ஒட்சிசன் 421. இவை வாங்காது. இந்த முறையின் அழகே அதுதான். காற்றில் பெரும்பங்காக இருப்பவை ஒன்றும் பேசாமல் நிற்க, மிகச் சிறிய அளவில் இருப்பவை மட்டும் கையை உயர்த்தும். காற்றை முன்கூட்டியே பிரிக்கத் தேவையில்லை, நேரே உள்ளே விடலாம்.

புரோத்தனை வாங்கிய மூலக்கூற்றின் திணிவு ஒன்றால் கூடும். அசற்றோன் 58, திரையில் 59. பென்சீன் 78, திரையில் 79. கருவி தருவது இந்த எண்களை மட்டும்தான், பெயரை அல்ல. பெயர் வைப்பது நம்முடைய வேலை, தவறு நடப்பதும் அங்கேதான். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இந்தக் கைமாற்றம் நடக்கும் இடம் நகர்வுக் குழாய். நீளம் 9, 10 சென்ரிமீற்றர், அமுக்கம் 2.3 மில்லிபார் அளவு, முனைக்கு முனை 600 வோல்ற்று. அயன் இதைக் கடக்க எடுப்பது ஏறக்குறைய 100 மைக்குரோசெக்கன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பாகையில், அந்த அமுக்கத்தில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 5×10¹⁶ மூலக்கூறுகள். 1 பிபிபி என்றால் 5×10⁷. வீதமாறிலி 2×10⁻⁹ கன சென்ரிமீற்றர்/செக்கன், நேரம் 10⁻⁴ செக்கன். மூன்றையும் பெருக்கினால் 10⁻⁵. அதாவது 1 பிபிபி இருந்தால் இலட்சம் ஐதரோனியத்தில் ஒன்று புரோத்தனைக் கொடுத்திருக்கும். உணரியில் செக்கனுக்குப் பத்து இலட்சம் ஐதரோனியம் எண்ணப்பட்டால், நமது சேர்வைக்கு செக்கனுக்கு 10 எண்ணிக்கை. இந்தப் பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாக் கணக்குக்கும் உதவும்.

இதே குடும்பத்தில் இன்னொரு முறையும் உண்டு. 1990களில் டேவிட் ஸ்மித்தும் பற்றிக் ஸ்பானெலும் கொண்டுவந்தது. அதில் ஐதரோனியம், நைத்திரிக் ஒட்சைட்டு அயன், ஒட்சிசன் அயன் மூன்றையும் மாற்றி மாற்றி அனுப்பலாம். அந்த வசதி உங்கள் கருவியிலும் இருந்தால் விட்டுவிட வேண்டாம்.

முதல் படி: எது தெரியாது என்று எழுதி வையுங்கள்

என்ன அளக்கலாம் என்ற பட்டியலை எல்லோரும் முதலில் எழுதுவார்கள். நான் சொல்வது அதற்கு முதல் மற்றப் பட்டியலை எழுதச் சொல்லி. அம்பாறை வயல் வட்டைகளில் இருந்து வரும் மெதேனை இதால் அளக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது. மெதேனின் புரோத்தன் நாட்டம் 544, நீரிடமிருந்து எதையும் வாங்க மாட்டாது. மாம்பழம் பழுக்கும்போது வரும் எதிலீனுக்கு 680. கிட்ட வந்தும் எட்டவில்லை. சமையல் காஸில் உள்ள புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் அப்படியே. காஸ் கசிந்து வீடு முழுக்க நிறைந்தாலும் ஐதரோனியம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நடுவில் நிற்கும் சேர்வைகளும் உண்டு. ஐதரசன் சல்பைட்டு, அதாவது அழுகல் முட்டை மணம். நாட்டம் 705. நீரைவிடக் கொஞ்சம்தான் கூட. வாங்கிய புரோத்தனைத் திரும்ப நீரிடமே கொடுத்துவிடும், காற்று ஈரமாக ஈரமாக இன்னும் கூடக் கொடுக்கும். நமது ஊறல் தொட்டியில் மூன்றாம் நாள் இது வரலாம். எண் 35இல் ஏதோ தெரியும், ஆனால் அந்த அளவை ஈரப்பதன் திருத்தம் இல்லாமல் எழுத வேண்டாம்.

இரண்டாம் படி: எண்களைத் தெரிவு செய்வது

ஊறல் நெல்லுக்கு நான் வைத்திருக்கும் பட்டியல் இது. 33 மெதனோல், 45 அசற்றல்டிகைட்டு, 47 எதனோல், 59 அசற்றோன், 61 அசற்றிக் அமிலம், 75 புரோப்பியோனிக் அமிலம், 89 பியூற்றிரிக் அமிலம், 109 கிரெசோல். சிக்கு மணத்துக்கு 101, 83 இரண்டும் எக்சனல். நல்ல வாசனை அரிசியின் மணத்தைத் தரும் 2-அசற்றைல்-1-பிரோலினைத் தேடுபவர்கள் 112ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றோடு மணத்துக்குச் சம்பந்தமில்லாத சில எண்களையும் கட்டாயம் சேருங்கள். 21, ஐதரோனியத்தின் பார ஒட்சிசன் சமதானி. ஐதரோனியத்தின் சொந்த எண்ணான 19ஐ நேரே எண்ணினால் உணரி நிரம்பி வழிந்துவிடும். 21ஐ எண்ணி ஏறத்தாழ 500ஆல் பெருக்குங்கள். 37, நீரோடு ஒட்டிய ஐதரோனியம். இதுதான் உங்கள் ஈரப்பதன்மானி. 30, 32 இரண்டும் அயன் மூலத்தின் சுத்தத்தைக் காட்டும். அப்புறம் 42, அசற்றோநைத்திரைல். உயிர்ப்பொருள் எரியும் புகையில் வரும் சேர்வை. ஆலையில் உமியைத்தான் கொதிகலனுக்கு எரிப்பார்கள். காற்றுத் திரும்பி அடுப்புப் புகை உங்கள் குழாய்க்குள் வந்தால் 79இல் பென்சீன் ஏறும், 69இல் பியூரான் ஏறும். 42உம் கூட ஏறினால் குற்றவாளி நெல் அல்ல, அடுப்பு.

நாற்துருவக் கருவியென்றால், அதாவது நான்கு கோல்களுக்கு நடுவே அயன்களைத் திணிவுப்படி வடிக்கும் வகையென்றால், எண்களை ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். 20 எண், ஒவ்வொன்றுக்கும் அரைச் செக்கன் என்றால் ஒரு சுற்றுக்குப் 10 செக்கன். அயன் பறந்துவர எடுக்கும் நேரத்தை வைத்துத் திணிவைச் சொல்லும் பறப்பு நேர வகையென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கும், தசமதானமும் தரும். அது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

மூன்றாம் படி: குழாய்

என்னுடைய அனுபவத்தில் தவறான தரவு பத்தில் ஏழு குழாயில்தான் பிறக்கிறது. நிறமாலைமானியைக் குறை சொல்லுவோம், கடைசியில் பார்த்தால் குழாய்.

பொருள் முதலில். ஹாட்வெயார் கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் டியூப், மீன் தொட்டி டியூப், சிலிக்கன் டியூப் எதுவும் வேண்டாம். அவை தாமே மணக்கும், வருவதை உறிஞ்சியும் வைத்திருக்கும். ரெஃப்லோன் வகையில் பிஎஃப்ஏ, அல்லது பீக் என்ற வெப்பம் தாங்கும் பல்பகுதியம், அல்லது உட்புறம் சிலிக்கா பூசிய துருப்பிடியா உருக்கு. மூட்டுகளும் அதே பொருளில் இருக்க வேண்டும். ஒரு இறப்பர் வளையம் போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

அடுத்தது நேரம். உள்விட்டம் 4 மில்லிமீற்றர், நீளம் 3 மீற்றர் என்றால் குழாயின் கொள்ளளவு கிட்டத்தட்ட 38 மில்லிலீற்றர். கருவி நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர்தான் இழுக்கும் என்றால், தொட்டியில் இருந்த காற்று கருவிக்கு வர 23 செக்கன். உடனடி அளவீடு என்ற பெயருக்கே பொருள் இல்லாமல் போகும். வேறொரு சிறு பம்பியால் நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுத்து, கருவி அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுக்கும்படி வைத்தால் 1 செக்கன்தான். பம்பியைக் கருவிக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் பம்பியின் எண்ணெயைத்தான் அளப்பீர்கள்.

இனி நமது ஊருக்கே உரிய பிரச்சினை. வெளியில் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம். அந்தக் காற்றின் பனிபடுநிலை 26 பாகை அளவு. கருவி இருக்கும் அறையில் ஏசியை 22இல் போட்டிருப்பீர்கள். வெளிக்காற்றைச் சுமந்துவரும் குழாய் சுவரைத் தாண்டி உள்ளே வந்ததும், ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்புறம் வியர்ப்பது போல, குழாயின் உட்புறம் வியர்க்கும். அந்தத் துளிகளில் மெதனோலும் அமிலங்களும் போய் ஒளிந்துகொள்ளும். கோடு விழும். "ஆஹா, இரவில் மணம் குறைகிறது" என்று எழுதிவிடுவீர்கள். விடியப்புறம் ஏசியை நிறுத்தியதும் ஒளிந்தவை எல்லாம் வெளியே வரும், இன்னொரு "கண்டுபிடிப்பு" கிடைக்கும். குளிர்நாட்டில் இந்தத் தொல்லை தலைகீழ். அங்கே அறை சூடு, வெளி குளிர், குழாய் தானாகவே காய்ந்து கிடக்கும். அதனால்தான் அங்கே எழுதிய குறிப்புகளில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

பரிகாரம்: குழாய் முழுவதையும், சுவருக்குள் போகும் பகுதி உட்பட, சூடாக்கும் நாடா சுற்றி 70, 80 பாகையில் வைத்திருங்கள். மூட்டுகளைத்தான் பெரும்பாலும் சுற்ற மறப்பார்கள். குளிர்ந்த மூட்டு ஒன்று இருந்தால் முழுக்குழாயும் குளிர்ந்த மாதிரித்தான். குழாய்முனையில் தூசு வடிகட்டி ஒன்று போட்டு, அதை இரண்டு நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள். நெல் ஆலையில் உமித்தூள் எவ்வளவு பறக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான்காம் படி: கருவியை அசைப்பதா, நெல்லை அசைப்பதா

கருவி நூறு கிலோவுக்கு மேல். விலை பல கோடி ரூபாய். உள்ளே நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் தரம் சுற்றும் பம்பி. மின்சாரம் இரண்டு நிமிடம் போய் வந்தால், வெற்றிடத்தைத் திரும்பப் பெறச் சில மணித்தியாலம், நீர்ப் பின்னணி அடங்க ஒரு நாள். ஆலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பெரிய யூபிஎஸ் இல்லாமல் போகாதீர்கள். என்னைக் கேட்டால் முதல் ஆண்டில் கருவியை அசைக்காமல் நெல்லைக் கருவியிடம் கொண்டுவருவேன்.

காற்றைப் பையில் பிடித்துக் கொண்டுவரலாமே என்பீர்கள். ரெட்லர் பை அதற்கென்றே விற்கிறார்கள். அந்தப் பை தானே பீனோலையும் டைமெதைல் அசற்றமைட்டையும் விடும், எண் 95, 88. அமிலங்கள் பையின் சுவரில் ஒட்டிவிடும். ஏசி இல்லாத வாகனத்தில் கல்முனையில் இருந்து வந்தாறுமூலைக்கு வெயிலில் வந்த பை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வாயகன்ற 2.5 லீற்றர் கண்ணாடிப் போத்தல் நான்கு. மூன்றில் அரைக் கிலோ நெல் வீதம் போட்டு, நெல் மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கத் தண்ணீர் விடுங்கள். ஆலை எந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்கிறதோ அதையே எடுத்து வாருங்கள், அந்த நீரின் நுண்ணுயிர்களும் இந்தக் கதையில் பாத்திரங்கள். நான்காவதில் தண்ணீர் மட்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடிய காலி இடம் இருக்கும். அதனூடாக நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் சுத்தக் காற்றைத் தொடர்ந்து விடுங்கள்.

போத்தலில் இருந்து வெளிவரும் காற்று ஈரத்தால் நிறைந்தது, நீராவி 4.2 வீதம் வரை. அதைப் போத்தலின் வாயிலேயே, அதே அளவு உலர்ந்த சுத்தக் காற்றோடு கலந்துவிடுங்கள். நீராவி 2.1 வீதமாகும், பனிபடுநிலை 18 பாகைக்கு இறங்கும், ஏசி அறையில் குழாய் வியர்க்காது. செறிவும் பாதியாகும் என்பதைக் கணக்கில் மறக்க வேண்டாம். வால்வுகளை வைத்துப் போத்தலுக்கு 15 நிமிடம் வீதம் மாற்றினால், மணித்தியாலத்துக்கு ஒருதரம் நான்கையும் சுற்றி வரலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் முதல் 7 நிமிடத் தரவை எறியுங்கள். அது போன போத்தலின் ஞாபகம்.

ஐந்தாம் படி: மின்புலமும் அமுக்கமும்

நகர்வுக் குழாயில் மின்புலத்தை மூலக்கூற்று எண்ணடர்த்தியால் வகுத்து வரும் விகிதத்தை டவுன்சென்ட் அலகில் சொல்வார்கள். மேலே சொன்ன 600 வோல்ற்று, 9.3 சென்ரிமீற்றர், 2.3 மில்லிபார், 60 பாகைக்குக் கணக்கிட்டால் 129 டவுன்சென்ட் வரும். இதைக் குறைத்தால் ஐதரோனியத்தோடு நீர் ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரியும், 37, 55 இரண்டும் உயரும். கூட்டினால் கொத்துகள் உடையும், ஆனால் எதனோலும் எக்சனலும் கூடச் சேர்ந்து உடையும். எக்சனலுக்கு 101இல் கொஞ்சம்தான் மிஞ்சும், பெரும்பங்கு 83க்கும் 55க்கும் போய்விடும். நம்முடைய ஈரக் காற்றுக்கு நான் 130இல் இருந்து 135 வரை வைப்பேன். 37க்கும் 19க்கும் உள்ள விகிதம் 5 வீதத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவேன்.

ஆறாம் படி: வெறுமை அளவீடு

மாதிரியின் மணம் இல்லாதபோது கருவி காட்டும் பின்னணியை அளப்பதுதான் வெறுமை அளவீடு. இதில் சோம்பல் வேண்டாம். வெறும் நைதரசன் சிலிண்டரை இணைத்து "இதுதான் பூச்சியம்" என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் விடும் பிழை. சிலிண்டர் வாயு காய்ந்தது. மாதிரிக் காற்று ஈரமானது. பின்னணி ஈரத்தோடு மாறும். இரண்டையும் கழித்தால் வருவது அர்த்தமில்லாத எண். செய்ய வேண்டியது, அளக்கும் அதே காற்றை 350 பாகையில் இருக்கும் பிளாற்றின ஊக்கிக்கு மேலால் விடுவது. சேதனச் சேர்வைகள் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் எரிந்துவிடும், ஏற்கெனவே இருந்த ஈரப்பதன் அப்படியே நிற்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மத்தியானம் காற்று வறண்டு, பின்னேரம் கடற்காற்று ஏறியதும் ஈரம் கூடிவிடும். அப்படி ஒரே நாளுக்குள் ஈரப்பதன் ஏறி இறங்கும்போது, காலையில் எடுத்த பூச்சியம் பின்னேரத்துக்கு உதவாது. ஒவ்வொரு மணித்தியாலமும் 5 நிமிடம் வெறுமைக்கு ஒதுக்குங்கள்.

இன்னொரு பின்னணி நாங்கள்தான். ஒருமுறை நான் 59இலும் 69இலும் நேரத்துக்கு நேரம் எழும் ஒரு சிகரத்தைப் பின்தொடர்ந்து மூன்று நாள் திரிந்தேன். அசற்றோனும் ஐசோப்பிரீனும் சேர்ந்து வருகின்றன, பெரிய விஷயம் பிடித்துவிட்டோம் என்று நினைப்பு. கடைசியில் பார்த்தால், குழாய்முனை சரியாக இருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது எழுந்திருக்கிறது. என் மூச்சு. மனித மூச்சில் அசற்றோன் நூற்றுக்கணக்கான பிபிபி, ஐசோப்பிரீன் நூறு பிபிபி அளவில் இருக்கும். அந்த நாளில் இருந்து அறைக் கதவில் ஒரு பட்டியல் தொங்கும்: கைச் சுத்திகரிப்பான் கூடாது, வாசனைத் தைலம் கூடாது, தோடம்பழம் உரிக்கக் கூடாது, மார்க்கர் பேனை திறக்கக் கூடாது. தோடம்பழத் தோலின் லிமொனீன் 137இலும் 81இலும் எப்படி எழும்பும் என்று ஒருதரம் வேண்டுமென்றே செய்து பாருங்கள். கருவியின் வேகத்தைச் சோதிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

ஏழாம் படி: அளவுகோடிடல்

வீதமாறிலியை வைத்துக் கணக்கிட்டே செறிவைச் சொல்லலாம் என்பது உண்மை. அந்தக் கணக்கில் 30 வீதம் வரை பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை. முடிந்தவற்றுக்கு நியமச் சிலிண்டரைப் பாவியுங்கள். 1 பிபிஎம் (ஆயிரம் பிபிபி) பென்சீன், தொலுயீன், அசற்றோன், மெதனோல் கலந்த சிலிண்டரில் இருந்து நிமிடத்துக்கு 10 மில்லிலீற்றர், அதோடு சுத்தக் காற்று 990 மில்லிலீற்றர். கிடைப்பது 10 பிபிபி. பாய்ச்சலை மாற்றி 2, 5, 10, 20, 50 என்று ஐந்து புள்ளிகள் எடுங்கள். வெறுமையில் 2 எண்ணிக்கை, 10 பிபிபியில் 102, 20இல் 202 என்று வந்தால் சரிவு 10. மேலே கணக்கில் கண்ட அதே பத்து. கணக்கும் சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் அன்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம்.

இதே ஐந்து புள்ளிகளைச் சுத்தக் காற்று காய்ந்திருக்கும்போது ஒருதரம், நீருக்குள்ளால் குமிழியாக விட்டு ஈரமாக்கி ஒருதரம் எடுங்கள். பென்சீனும் தொலுயீனும் நீர் ஒட்டிய ஐதரோனியத்தோடு சரியாகத் தாக்கம் புரியா. ஈரம் கூடினால் அவற்றின் சரிவு விழும். அசற்றோன் அந்தக் கொத்திடமிருந்தும் புரோத்தனை வாங்கிக்கொள்ளும், ஆகவே அவ்வளவு விழாது. 37, 19 விகிதத்துக்கு எதிராக ஒவ்வொரு சேர்வையின் சரிவையும் வரைந்து வைத்தால், பிறகு எந்த ஈரத்துக்கும் திருத்தலாம்.

அமிலங்கள் சிலிண்டரில் நிலைத்து நிற்கா, சுவரில் ஒட்டும். அவற்றுக்கு நீர்க் கரைசலைச் சிறுகச் சிறுக ஆவியாக்கும் சாதனம் வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்கிட்ட அளவை எழுதி, கணக்கிட்டது என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

எட்டாம் படி: ஓட விடுவது

நெல்லைப் போட்ட நேரம், தண்ணீர் மாற்றிய நேரம், அறைக் கதவு திறந்த நேரம், கரண்ட் தடுமாறிய நேரம் எல்லாம் கொப்பியில். கருவியின் கடிகாரமும் உங்கள் கைக்கடிகாரமும் ஒன்றா என்று முதலிலேயே பாருங்கள்.

இரண்டாம் நாள் எதனோல் ஏறும்போது ஒரு கண் 21இல் இருக்கட்டும். சேர்வைகளின் மொத்தம் 10 பிபிஎம்ஐ நெருங்கினால் ஐதரோனியத்தில் பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும், நேர்கோடு வளையத் தொடங்கும். அப்போது 500க்கு 500 என்று கலந்த காற்றை 500க்கு 2000 என்று மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: எண்ணுக்குப் பெயர் வைப்பது

63இல் ஒரு சிகரம். கடற்கரைக்காரர்களுக்கு உடனே டைமெதைல் சல்பைட்டு ஞாபகம் வரும், கடல் மணம். ஆனால் ஊறல் போத்தலில் அசற்றல்டிகைட்டு நிறைய இருக்கிறது. அதன் 45ஓடு ஒரு நீர் ஒட்டினால் 45உம் 18உம் 63. பறப்பு நேரக் கருவி இதைப் பிரித்துவிடும்: சல்பைட்டு 63.026, நீரோடு ஒட்டியது 63.044. அதே மாதிரி 55இல் நீர்க்கொத்து 55.039, எக்சனல் துண்டு 55.054. நாற்துருவக் கருவியில் இரண்டும் ஒரே கோடுதான். அப்போது ஒரு வழி, 63உம் 45உம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா, ஈரப்பதனை மாற்றினால் 63 மட்டும் மாறுகிறதா என்று பார்ப்பது. 43ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது கல்முனைச் சந்தி மாதிரி, அசற்றிக் அமிலத்தின் துண்டு, ஐசோபுரோப்பனோலின் துண்டு என்று எல்லாரும் வந்து இறங்கும் இடம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தசமதானமும் உதவாத இடம் 89. பியூற்றிரிக் அமிலத்துக்கும் எதைல் அசற்றேற்றுக்கும் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றே. இரண்டும் 89.060. ஒன்று வாந்தி மணம், மற்றது பழ மணம். காக்காவின் மூக்கு ஒரு கணத்தில் பிரித்துவிடும், பல கோடி ரூபாய்க் கருவியால் முடியாது. துண்டுகளைப் பாருங்கள்: அமிலம் நீரை இழந்து 71க்குப் போகும், எதைல் அசற்றேற்று 61க்குப் போகும். ஆனால் 61இல் அசற்றிக் அமிலம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரியை, சேர்வைகளை ஒட்டவைக்கும் பொருள் நிரப்பிய உறிஞ்சிக் குழாயில் பிடித்து வாயு நிறப்பகுப்புக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. உடனடி அளவீடு எப்போது என்று சொல்லும், நிறப்பகுப்பு எது என்று சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கட்டுரை எழுதப் போக வேண்டாம்.

59க்கு நல்ல வழி உண்டு. அசற்றோனும் புரோப்பனலும் இரண்டும் 59.049. நைத்திரிக் ஒட்சைட்டு அயனுக்கு மாற்றினால் அசற்றோன் அதோடு ஒட்டி 88இல் வரும், புரோப்பனல் ஐதரசனை இழந்து 57இல் வரும். தனித்தனியே பிரிந்துவிடும்.

பத்தாம் படி: எவ்வளவு சின்னது வரை நம்பலாம்

கண்டறியும் எல்லை என்பது கருவிக் கையேட்டில் அச்சிட்ட எண் அல்ல. உங்கள் அறையில், உங்கள் குழாயோடு, அன்றைய வெறுமையில் வருவது. பென்சீனுக்கு வெறுமையில் செக்கனுக்கு 2 எண்ணிக்கை என்று வையுங்கள். 10 செக்கன் சேர்த்தால் 20. எண்ணிக்கையின் தளம்பல் அதன் வர்க்கமூலம், 4.5. மூன்று மடங்கு 13.4, செக்கனுக்கு 1.34. சரிவு 10ஆல் வகுத்தால் 0.13 பிபிபி. ஒரு செக்கன் மட்டும் எண்ணினால் இதே கணக்கில் 0.42 பிபிபி. வேகம் வேண்டுமென்றால் நுணுக்கத்தை விட வேண்டும், நுணுக்கம் வேண்டுமென்றால் பொறுக்க வேண்டும். 72 மணித்தியாலம் ஊறும் நெல்லுக்கு அவசரம் எதற்கு? நிமிடத்துக்கு ஒரு புள்ளி தாராளம். தொட்டி மூடியைத் திறக்கும் கணத்தை ஆலையில் பிடிக்கப் போகும்போது மட்டும் செக்கனுக்கு இறங்குங்கள். அறிக்கையில் எல்லைக்குக் கீழே வந்தவற்றைப் பூச்சியம் என்று எழுதாமல், எல்லைக்குக் கீழ் என்றே எழுதுங்கள்.

கடைசியாக, போத்தல்களைக் கழற்றிய பிறகு குழாயை 80 பாகையில் வைத்து இரவு முழுக்கச் சுத்தக் காற்று விடுங்கள். பியூற்றிரிக் அமிலம் லேசில் போகாது, 89 இரண்டு மூன்று நாள் வால்பிடிக்கும். அந்தக் குழாயை வாவிக் காற்று, பெற்றோல் ஷெட் காற்று என்று வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். "ஊறல் நெல்" என்று ஒரு துண்டு எழுதிக் கட்டித் தனியாக வையுங்கள். மார்க்கரால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள்.